பங்கசுநாசினியும் அதன் சுட்டுத்துண்டும்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, போர்டோ நகரை அடுத்து, மெதொக் என்றொரு பகுதி உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன நாடு அது. அங்கே வீதியோரமாக நிற்கும் கொடிகளிலிருந்து பழக்குலைகளை வழிப்போக்கர் பறித்துச் செல்வது வழக்கமாயிருந்தது. இதனைத் தடுக்கக் கருதிய தோட்டக்காரர், மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரிற் கலந்து, வீதியை அண்டிய வரிசைகளின் மீது மட்டும் தெளித்துவைத்தனர். இலையும் குலையும் நீலம் பாரித்து நிற்கும். காண்பவர் நஞ்சென்று அஞ்சி அப்பாற் செல்வர்.

1882 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் போர்டோப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் மில்லார்தே என்பவர் சென் சூலியன் என்னுமிடத்தில் இவ்வழியே நடந்து சென்றார். அமெரிக்காவிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்னர் வந்து புகுந்த அடிச்சாம்பல் நோயினால் அக்காலத்தில் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகள் இலையுதிர்ந்து மொட்டையாய் நின்றன. வீதியோரக் கொடிகள் மாத்திரம் இலை தழைத்து நிற்பதை அவர் கண்டார். காரணத்தை விசாரித்தார். பின்னர் கயோன் என்னும் இரசாயன அறிஞரோடு சேர்ந்து பரிசோதனைகள் செய்து, 1885 இல் முடிவை வெளியிட்டார். இன்றும் நாம் போர்டோக் கலவை என வழங்கும் மருந்து இவ்வாறு உலகுக்குக் கிடைத்தது. கந்தகத் தூள் அதற்கு முன்னரே வழக்கில் இருந்ததாயினும், உலகெங்கும் பரவிய பங்கசுநாசினிகளுள் இதற்கு இணையான பழம்பெருமை உடையது வேறில்லை.

நேயர்கள் இவ்விடத்தில் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுதல் நன்று. இந்த மருந்து தன் வாழ்வைத் தொடங்கியது ஓர் எச்சரிக்கையாக. அந்த எச்சரிக்கையை வாசிக்க மெதொக் வழிப்போக்கனுக்கு எழுத்தறிவு வேண்டியிருக்கவில்லை. நீல நிறம் ஒன்றே அவனுக்குப் போதுமானதாயிருந்தது. பின்னாளில், நஞ்சுக்கு நிறம் பூசி, படம் வரைந்து, எழுத்தும் பொறித்து அனுப்பிய பொருளொன்று ஆயிரக்கணக்கானோரை வீழ்த்திய கதையைக் கூற இருக்கின்றமையின், இதனை முன்னரே சொல்லிவைக்கின்றேன்.

நம் நாட்டுக்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு சற்றுத் துயரமானது. 1869 இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் துரு நோய் முதன்முதற் கண்டறியப்பட்டது. 1880 இல் இங்கிலாந்திலிருந்து வந்த மார்ஷல் வாட் என்னும் இளம் அறிஞர் அப்பங்கசின் வாழ்க்கை முறையை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கினார். ஆனால் அவர் திரும்பிச் சென்ற வேளையில் போர்டோக் கலவை இன்னும் அறியப்படவில்லை. அது அச்சேறி வெளிவந்தபோது நம் கோப்பி பெரும்பாலும் அழிந்துவிட்டது. கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலையை 1946 இல் கொப்புள நோய் தாக்கியபோது செம்பு கலந்த மருந்துகள் கையில் இருந்தன. தேயிலை தப்பியதற்கு அம்மருந்துகள் ஒரு முக்கிய காரணம். ஆகவே பங்கசுநாசினி என்றவுடன் தீமை என்று எண்ணுவார் கருத்து எனக்கு உடன்பாடன்று. அது இல்லாது ஒரு பயிர் அழிந்ததையும், இருந்தமையால் ஒரு பயிர் பிழைத்ததையும் கண்ட நாடு நம்முடையது.

இனி, அரசாங்கங்கள் இவ்விடயத்திற் புகுந்த வரலாற்றைக் கவனிப்போம். தொடக்கத்தில் அவர்கள் கவலைப்பட்டது உயிருக்காக அன்று, பணத்துக்காகவே. ஐக்கிய அமெரிக்காவில் 1910 இல் இயற்றப்பட்ட பூச்சிநாசினிச் சட்டம் பங்கசுநாசினிகளையும் தன்னுள் அடக்கியது. கலப்படம் செய்யலாகாது, பொதியின் மேல் பொய் எழுதலாகாது என்பனவே அதன் நோக்கம். மயில்துத்தம் என்று சொல்லி வேறு நீலப் பொடியை விற்றுக் கமக்காரனை ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்கு அது உதவியது. பொதியில் உள்ள பொருள் மெய்யாகவே கொடிய நஞ்சாயிருப்பின், அச்சட்டத்துக்கு அதிற் குறையொன்றுமில்லை.

1947 இல் வந்த சட்டம் ஒரு படி மேலே சென்றது. பீடைநாசினி ஒவ்வொன்றும் விவசாயத் திணைக்களத்திற் பதியப்படவேண்டும் என்றும், லேபல் என்று வழக்கிற் கூறப்படும் சுட்டுத்துண்டில் பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் எழுதப்படவேண்டும் என்றும் அது விதித்தது. கொடிய நஞ்சாயின் மண்டையோடும் குறுக்கெலும்பும், நஞ்சு என்னும் சொல் சிவப்பு எழுத்திலும், மாற்று மருந்தின் விவரமும் வேண்டும். ஆயினும் ஒரு விந்தையை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. திணைக்களம் பதிவை மறுத்தாலும், உற்பத்தியாளர் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்துவிட்டு அதே பொருளைப் பதியச்செய்து விற்கலாம் என்றும் அச்சட்டம் இடங்கொடுத்தது. 1964 இல் செய்யப்பட்ட திருத்தமே அந்த வாயிலை அடைத்தது.

இச்சட்டங்களின் உள்ளே அமைந்த எண்ணம் யாது? அரசாங்கம் வயலுக்கு வந்து காவல் நிற்க இயலாது. ஆதலால், உற்பத்தியாளர் தரும் சோதனை முடிவுகளைப் பார்வையிட்டு, இந்தப் பொருளை இந்தப் பயிருக்கு, இந்த அளவில், இந்த நாள் இடைவெளியில், இன்ன பாதுகாப்போடு தெளித்தால் தீங்கில்லை என்று ஒரு முடிவுக்கு வருகின்றது. அந்த முடிவு முழுவதையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பொதியில் ஒட்டி அனுப்புகின்றது. எனவே, மீளாய்வு செய்யும் அதிகாரி பாதுகாப்பானது என்று கூறும்போது அவர் கூறுவது மருந்தைப் பற்றி மட்டுமன்று. மருந்தும் அத்தாளும், அத்தாளை வாசித்து அதன்படி ஒழுகும் ஒரு மனிதனும் சேர்ந்த தொகுதியையே அவர் பாதுகாப்பானது என்கின்றார். மூன்றாவதாகச் சொன்ன மனிதன் ஆய்வுகூடத்துக்கு வருவதில்லை. அவன் எவ்வாறு நடப்பான் என்பதை அதிகாரி ஊகித்துக்கொள்ளவே வேண்டியிருக்கின்றது.

இவ்வூகம் எவ்வளவு தூரம் பிழைக்கலாம் என்பதை விதை மருந்துகளின் வரலாறு காட்டும்.

கோதுமையைப் பற்றும் கரிப்பூட்டை நோய் விதையோடு ஒட்டி வருவது. கதிர் முற்றும்போது மணிக்குள்ளே மாவுக்குப் பதிலாகக் கரிய பொடி நிறைந்து, அழுகிய மீனின் நாற்றம் வீசும். விதைக்கும் முன்னரே வித்தின் மீது மருந்து பூசிவிட்டால் இந்நோய் தடைப்படும். ஜேர்மனியில் 1913 ஆம் ஆண்டளவிலிருந்து பாதரசம் சேர்ந்த சேதனச் சேர்வைகள் இதற்கெனப் பயன்பட்டன. பின்னர் மீதைல் பாதரசம், ஈதைல் பாதரசம் ஆகியன வந்தன. மிகச் சிறிய அளவே போதும், விலையும் குறைவு, நோயும் அடியோடு ஒழியும். கமக்காரர் விரும்பியதில் வியப்பில்லை.

அவற்றின் கொடுமையும் அறியப்படாததன்று. இங்கிலாந்தில் இவ்வித விதை மருந்து செய்த தொழிற்சாலையொன்றில் நால்வர் நோயுற்றனர். கைகால் மரத்தல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறல், பார்வைப் புலம் சுருங்கி ஒரு குழாயின் ஊடாகப் பார்ப்பதுபோல் ஆதல் என்பன அவர்களின் குறிகள். டொனால்ட் ஹன்ரர் என்னும் மருத்துவரும் அவர்தம் தோழரும் 1940 இல் இவற்றை விரிவாக எழுதி வெளியிட்டனர். மீதைல் பாதரசம் மூளையை நாடிச் செல்லும் நஞ்சென்பது அன்றே மருத்துவ நூலகங்களில் இருந்தது.

நஞ்சு பூசிய வித்தை உணவு மணியிலிருந்து பிரித்தறிய வேண்டுமே என்பதற்காக அதற்குச் சாயம் ஊட்டும் வழக்கம் பரவியது. பெரும்பாலும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. சாக்கின் மேல் எச்சரிக்கை எழுத்தும் இருக்கும். இவை இரண்டும் போதும் என்பதே கருத்து.

முதற் பேரிடி துருக்கியில் விழுந்தது. அங்கே பயன்பட்டது பாதரசம் அன்று, எக்சாகுளோரோபென்சீன் என்னும் வேறொரு பங்கசுநாசினி. 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அரசாங்கம் இம்மருந்து பூசிய விதைக் கோதுமையைத் தென்கிழக்கு மாகாணங்களின் கமக்காரருக்கு வழங்கியது. பஞ்சத்தின் நிமித்தம் அவ்வித்தை மக்கள் மாவாக்கி உண்டனர். வித்து நெல்லைக் குற்றி உண்பதை வறுமையின் எல்லையாக நம் முன்னோர் கருதினர். எந்நாட்டிலும் அந்த எல்லையை மனிதர் விரும்பிக் கடப்பதில்லை. 1955 முதல் 1959 வரை ஏறக்குறைய 3,000 முதல் 4,000 பேர் வரை நோயுற்றனர் என்பர். பெரும்பாலோர் சிறுவர். வெயில் பட்ட தோல் கொப்புளித்துக் கறுத்தது, முகத்தில் மயிர் அடர்ந்தது, சிறுநீர் சிவந்தது. இதனை மக்கள் கரும்புண் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். மருந்துண்ட தாயரின் முலைப்பாலைக் குடித்த குழந்தைகளுக்கு வந்த நோய்க்கு இளஞ்சிவப்புப் புண் என்று வேறு பெயர். அந்நோய் கண்ட குழந்தைகளிற் பிழைத்தவர் மிகச் சிலரே. சில ஊர்களில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இல்லாமற் போயினர் என்று பின்னர் சென்ற ஆய்வாளர் எழுதியிருக்கின்றனர். தியார்பக்கீர் நகரில் இருந்த சிகாத் சாம் என்னும் தோல் மருத்துவர் காரணத்தைக் கண்டு கூறிய பின்னரே விநியோகம் 1959 இல் நின்றது.

இதே காலப்பகுதியில் ஈராக்கிலும் பாதரசம் பூசிய வித்தினால் இரண்டு தடவை நஞ்சேற்றம் நிகழ்ந்தது. 1956 இல் ஒன்று. 1960 இல் மற்றொன்று, இதில் நோயுற்றோர் 1,000 பேரளவினர். இரண்டும் மருத்துவ இதழ்களிற் பதிவாயின.

அடுத்து வந்த செய்தி செல்வமும் கல்வியும் நிறைந்த சுவீடனிலிருந்து. அங்கே வித்தை எவரும் உண்ணவில்லை. ஆயினும் 1950 ஆம் ஆண்டுகளில் வயலில் தானியம் பொறுக்கும் பறவைகளும், அப்பறவைகளை உண்ணும் வல்லூறுகளும் செத்து விழலாயின. நூதனசாலைகளில் நூறாண்டுக் காலமாகச் சேர்த்துவைத்த பறவைகளின் இறகுகளை எடுத்து அறிஞர் பாதரசத்தின் அளவைச் சோதித்தனர். நெடுங்காலம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்த அளவு, 1940 ஆம் ஆண்டளவில் திடீரென உயர்ந்திருந்தது. மீதைல் பாதரசம் விதைக்குப் பூசத் தொடங்கிய காலம் அதுவே. சுவீடன் அரசாங்கம் 1966 பெப்ரவரி முதல் விதைக்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. ஒரு பறவையின் இறகைச் சாட்சியாக வைத்து ஒரு மருந்தைத் தள்ளிவைத்த அம்முடிவு, பாதுகாப்பு மீளாய்வின் வரலாற்றில் என் மனத்துக்கு உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. சாக்கின் மேல் எழுதியதைப் பறவை வாசிக்காது என்பதை அவ்வரசாங்கம் ஒப்புக்கொண்டது.

ஐக்கிய அமெரிக்காவில் இது வேறு விதமாக நடந்தது. 1969 இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ஒரு குடும்பத்தவர் மருந்து பூசிய கழிவுத் தானியத்தைப் பன்றிக்கு இட்டு, அப்பன்றியை உண்டனர். மூன்று பிள்ளைகள் மூளை நோயுற்று வீழ்ந்தனர். அப்போது கருவுற்றிருந்த தாய்க்குப் பிறந்த குழந்தையும் தப்பவில்லை. 1970 பெப்ரவரியில் விவசாயத் திணைக்களம் அவ்வகை விதை மருந்துகளின் பதிவை இடைநிறுத்தியது. உற்பத்தியாளர் வழக்கிட்டனர். இது சுட்டுத்துண்டின் கட்டளையை மீறியதால் நேர்ந்த விபத்து, கட்டளைப்படி நடந்தால் தீங்கில்லை என்பது அவர் பக்கத்து நியாயம். முதலில் நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் மேன்முறையீட்டு மன்றத்தின் முழு அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. சட்டத்தின்படி அந்த வாதத்தில் வலுவிருந்தது என்பதை மறுத்தற்கில்லை. எழுதியதற்கு மாறாக நடந்தவனுக்கு எழுதியவன் பொறுப்பாவானா என்பது எளிதிலே தள்ளக்கூடிய கேள்வியன்று. ஆனால் அப்பிள்ளைகள் எதையும் மீறியவரல்லர்.

இவ்வளவும் நடந்து ஓராண்டு கழியுமுன் ஈராக்கின் துறைமுகமாகிய பஸ்ராவில் மெக்சிக்கோ நாட்டு விதைத் தானியம் வந்திறங்கியது.

ஈராக்கில் வறட்சியினால் விளைவு குன்றியிருந்த காலம் அது. நல்ல விளைவு தரும் கோதுமை வித்தைக் கமக்காரருக்கு இலவசமாக வழங்க அரசாங்கம் முடிவு செய்தது. 73,201 தொன் கோதுமையும் 22,262 தொன் வாற்கோதுமையும் 1971 இலையுதிர் காலத்தில் நாடெங்கும் பகிரப்பட்டன. எல்லாம் மீதைல் பாதரசம் பூசியவை. கோதுமை மாதிரிகளைப் பின்னர் சோதித்தபோது கிலோகிராமொன்றுக்குச் சராசரி 8 மில்லிகிராம் அளவு பாதரசம் காணப்பட்டது. மணிகளுக்குச் செந்நிறச் சாயம் ஊட்டப்பட்டிருந்தது. சாக்குகளில் எச்சரிக்கை இருந்தது, மண்டையோடும் இருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்த மொழி ஸ்பானியமும் ஆங்கிலமும். அவற்றைப் பெற்றவர் அரபும் குர்தும் பேசும் கிராமத்தவர், பலர் எம்மொழியிலும் எழுத்தறியாதவர். மண்டையோட்டுப் படம் மேலைநாட்டான் கண்ணுக்கு மரணத்தைச் சொல்லும். அந்தக் குறியை முன்னர் கண்டறியாதவன் அதைச் சாக்கு அனுப்பிய கம்பனியின் முத்திரையென்று எண்ணினாலும் அவனைக் குறை கூற முடியுமா?

பல இடங்களில் வித்து வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலம் கழிந்துவிட்டிருந்தது. கமக்காரர் தம்மிடமிருந்த வித்தையே விதைத்துவிட்டனர். வீட்டிலே உணவு குறைவு, மூலையில் நல்ல கோதுமை மூட்டையாக நிற்கின்றது. அவர்கள் மூடராய் நடந்துகொள்ளவில்லை என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். இது நஞ்சென்று கேள்விப்பட்டவர் அதைச் சோதித்தே பார்த்தனர். கோழிக்கும் ஆட்டுக்கும் சில நாள் போட்டுப் பார்த்தனர், அவை நலமாகவே இருந்தன. மணியை நீரிற் கழுவினர். சிவப்பு நிறம் கரைந்து ஓடியது. சாயம் போயிற்று, ஆகவே நஞ்சும் போயிற்று என்று முடிவு செய்தனர். ஆனால் நீரிற் கரைந்தது சாயம் மாத்திரமே. பாதரசம் மணியிலேயே தங்கிவிட்டது. அபாயத்தைக் காட்டவென்று சேர்த்த நிறம், அபாயம் நீங்கிவிட்டதென்னும் பொய்ச் சாட்சியாக முடிந்தது.

மீதைல் பாதரசத்தின் மற்றொரு குணமும் அவர்களை ஏமாற்றியது. உண்டவுடன் அது ஒன்றும் செய்வதில்லை. நோய்க்குறிகள் தோன்ற இரண்டு வாரம் முதல் ஐந்து வாரம் வரை செல்லும். அதற்குள் நாள்தோறும் அந்த மாவில் ரொட்டி சுட்டு, குடும்பம் முழுவதும் உண்டு, மரணத்துக்குப் போதிய அளவு உடலிற் சேர்ந்துவிடும். டிசெம்பர் இறுதியில் முதல் நோயாளர் வைத்தியசாலைகளுக்கு வந்தனர். சனவரியில் அது வெள்ளமாயிற்று. அனுமதிக்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர். வைத்தியசாலைக்கு வராமல் கிராமத்திலேயே மடிந்தவரும் முடமானவரும் இக்கணக்கில் அடங்கார். மூளையிற் செய்த சேதத்தை மாற்றும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உடலில் எஞ்சிய நஞ்சை வெளியேற்றும் முயற்சிகளே செய்யப்பட்டன.

ஈராக்கிய மருத்துவருடன் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் கிளாக்சன் குழுவினர் சேர்ந்து ஆராய்ந்தபோது, நோயுற்ற பெண்களின் கூந்தலே ஒரு நாட்குறிப்பாக உதவியது. மயிர் வளரும்போது இரத்தத்திலுள்ள மீதைல் பாதரசம் அதிற் படிகின்றது. மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் மயிர் வளரும். ஆகவே நீண்ட கூந்தலைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சோதித்தால், எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு உடலிற் சேர்ந்ததென்பதை அறியலாம். அக்கணக்கைக் குழந்தைகளின் நிலையோடு ஒப்பிட்டபோது ஒரு கொடிய உண்மை வெளிப்பட்டது. கருவுற்றிருந்த காலத்தில் கைகால் சற்று மரத்ததன்றி வேறு துன்பம் அறியாத தாயருக்கும், நடக்கவும் பேசவும் பிந்திய, சிலவேளை பார்வையும் செவிப்புலனும் குன்றிய குழந்தைகள் பிறந்திருந்தனர். கருவுற்ற பெண்டிர் உண்ணும் மீனில் எவ்வளவு பாதரசம் இருக்கலாம் என்று உலக நாடுகள் பின்னர் எல்லை வகுத்தபோது, ஈராக்கியத் தாயரின் இக்கூந்தற் கணக்கும் அதற்கு ஓர் ஆதாரமாயிற்று.

1974 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் பக்தாத்திலே இவ்விடயமாக ஒரு மாநாடு கூடியது. அதன் பின்னர், ஒரு நாட்டில் விலக்கிய நஞ்சை மற்றொரு நாட்டுக்கு அனுப்புவது முறையா என்ற கேள்வியை உலக மன்றங்கள் எளிதிற் புறந்தள்ள முடியவில்லை. 1985 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பீடைநாசினிகளுக்கான நடத்தைக் கோவையை ஏற்றது. 1998 இல் கைச்சாத்தாகி 2004 இல் நடைமுறைக்கு வந்த ரொட்டர்டாம் உடன்படிக்கையின்படி, அட்டவணையில் உள்ள நச்சுப் பொருளை அனுப்புமுன் வாங்கும் நாட்டின் முடிவை அறிதல் வேண்டும். பாதரசச் சேர்வைகளும் எக்சாகுளோரோபென்சீனும் அவ்வட்டவணையில் உள்ளன.

மீளாய்வு எப்போதும் இவ்வாறு பிணங்களின் மீது நடப்பதில்லை. அமைதியாக, காகிதத்தோடு காகிதம் மோதும் மீளாய்வும் உண்டு. அதற்கொரு எடுத்துக்காட்டு, மங்கோசெப், மனெப் முதலிய பங்கசுநாசினிகளை அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தமை. உருளைக்கிழங்கும் தக்காளியும் செய்யும் நம் கமக்காரர் மங்கோசெப் என்னும் பெயரை நன்கறிவர். இவை சிதையும்போதும் சமைக்கும்போதும் எதிலீன் தயோயூரியா என்னும் பொருள் பிறக்கின்றது. அது எலிகளில் தைரொயிட் சுரப்பியைத் தாக்கிக் கட்டிகளை உண்டாக்கியமையால், 1987 இல் விசேட மீளாய்வு தொடங்கிற்று. 1989 இல் நிறுவனம், 55 பயிர்களில் 45 இற்கு இம்மருந்துகளை நிறுத்த உத்தேசித்தது. பின்னர், கடைகளில் விற்கும் உணவுப் பொருள்களையே வாங்கி எச்ச நஞ்சின் அளவைச் சோதித்தபோது, அது மதிப்பிட்டதிலும் மிகக் குறைவாகக் காணப்பட்டது. 1992 இல் வந்த இறுதி முடிவில் 11 பயிர்களுக்கே தடை விழுந்தது. இதை உற்பத்தியாளரின் வெற்றி என்று சிலர் கூறினர். நான் அவ்வாறு கருதவில்லை. ஊகத்தை விட்டுச் சந்தைக் கூடையைச் சோதித்தது நல்ல முறையே. ஆனால் உண்பவனின் தட்டில் எஞ்சும் நஞ்சை அளந்த அளவு நுணுக்கமாக, தெளிப்பவனின் கையிற் படும் நஞ்சை அளப்பது கடினம். அவனுக்குக் கையுறையும் பாதுகாப்பு உடையும் சுட்டுத்துண்டில் எழுதப்பட்டன. அதே மங்கோசெப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசெம்பரில், இனப்பெருக்கத்துக்கும் சுரப்பிகளுக்கும் தீங்கு செய்யக்கூடியதென்று கருதி, அனுமதியைப் புதுப்பிக்காது விட்டது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு பெரிய அரசாங்கங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முடிவுக்கு வந்தன. இதிலே ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. மீளாய்வு என்னும் சொல்லின் பொருளே திரும்பவும் பார்த்தல் என்பதுதான்.

நம் நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பீடைநாசினிப் பதிவாளர் என்னும் பதவியை உண்டாக்கியது. பதிவு பெறாத பீடைநாசினியை இறக்குமதி செய்தலும் விற்றலும் குற்றம். சுட்டுத்துண்டு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அமைதல் வேண்டும். ஈராக்கின் மொழித் தடை நம் கமக்காரருக்கு இல்லையென்று ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். நச்சின் கடுமையை நிறப்பட்டியும், கையுறை, முகமறைப்பு, பூட்டிய பெட்டி ஆகியவற்றைச் சிறு படங்களும் காட்டுகின்றன. ஆயினும் படமும் ஒரு மொழியே. அதையும் ஒருவர் கற்பிக்கவே வேண்டும்.

போத்தல் சிறியது. நூறு மில்லிலீற்றர் போத்தலொன்றைச் சுற்றி வரும் தாளின் அகலம் சில அங்குலமே. அதனுள் மும்மொழி, பயிர்களின் அட்டவணை, கலக்கும் அளவு, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாள்கள், முதலுதவி, நச்சுநிலைமைக்கான மாற்று மருந்து ஆகிய எல்லாம் அடங்கவேண்டுமாயின் எழுத்து எறும்பளவு சிறுத்துவிடுகின்றது. காலைப் பனியில் வரம்பில் நின்று, கண்ணாடியை வீட்டில் மறந்துவந்த ஐம்பது வயதுக் கமக்காரர் அதனை வாசித்தல் அரிது. வீட்டிலே பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருப்பின் அழைத்து வாசிக்கச் சொல்லலாம். பிள்ளைகளை அண்டவிடாதீர் என்னும் வரியும் அதே துண்டில்தான் இருக்கின்றது.